குவேக் ஓடுமா, அண்ணே?

கம்ப்யூட்டர் நம் ஊர்களுக்குள் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் டேலியைச் சொல்வார்கள், டிடிபியைச் சொல்வார்கள், ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேரைச் சொல்வார்கள். மூன்றும் உண்மைதான். மதுரையில் தொண்ணூறுகளின் நடுவில், அசெம்பிள்ட் சிஸ்டம் போட்டு விற்ற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன் நான். அச்சகக்காரர்களும் ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டார்கள். ஆனால் எந்த பிராசஸர் தேறும், எவ்வளவு ராம் வேண்டும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் நிலைக்கும் என்பதையெல்லாம் இந்தத் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தவை வீடியோ கேம்கள். இதைத் தொழிலுக்குள் இருந்தவர்கள் சொல்லாவிட்டால் வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

அப்பாதான் முன்னால் நின்று பேசுவார். “தம்பி, பையன் படிப்புக்குத்தான் வாங்குறேன். ரொம்ப நாள் தாங்குற மாதிரி ஒண்ணு போட்டுக் கொடுங்க.” அவர் பணத்தை எண்ணத் தொடங்கியதும் பையன் மேஜையை ஒட்டி வந்து மெல்லக் கேட்பான்: “அண்ணே, இதுல குவேக் ஓடுமா?” அப்பாவின் கேள்விக்கு அன்று விற்ற எந்த மெஷினும் பதில் சொல்லிவிடும். பையனின் கேள்விக்குப் பதில் சொல்ல, மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் வேர் 1981 ஆகஸ்டில் இருக்கிறது. ஐபிஎம் தன் பிசியைக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கட்டியது. சர்க்யூட் படமும் பயாஸ் நிரலும் அச்சிட்ட கையேட்டையும் விற்றது. அந்த பயாஸைக் காப்பியடிக்காமல், அது செய்யும் வேலையை மட்டும் செய்யும் வேறொன்றை காம்பேக் எழுதிக்கொண்டது. 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படி எழுதிய பயாஸை யார் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. அதன்பின் தைவானில் போர்டு அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இங்கே 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் புதிய கணினிக் கொள்கை கதவைக் கொஞ்சம் திறந்தது, 1991 முழுக்கத் திறந்தது. சென்னை ரிச்சி தெருவில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பாகங்கள் விற்ற கடைகளுக்கு நடுவே மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் வந்து உட்கார்ந்தன.

மதுரைக் கடைகள் எல்லாம் அங்கிருந்துதான் சரக்கு எடுத்தன. இரவு ரயில் ஏறினால் விடியலில் எழும்பூர். கடைகள் திறக்கும்வரை டீக்கடையில் காத்திருந்து, ஜெராக்ஸ் எடுத்த ஒரு பக்க விலைப்பட்டியலைக் கடை கடையாக வாங்கி ஒப்பிடுவோம். அந்தத் தாளில் பேனாவால் அடித்துத் திருத்தாத வரி இருக்காது. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரிய பூகம்பம். சிப் தொழிற்சாலைகள் நின்றன, ராம் விலை ஏறியது. அந்த வாரம் கடைக்காரர்கள் விலை சொல்லவே தயங்கினார்கள். “இப்ப எடுத்தா ஒரு ரேட்டு, மத்தியானம் வந்தா என்னைக் கேக்காதீங்க” என்றார் எனக்கு வழக்கமாகக் கொடுப்பவர். கொட்டேஷன் கொடுத்து முன்பணம் வாங்கியிருந்தவர்களுக்கு அந்த மாதம் லாபம் இல்லை.

கேம்கள் எங்களுக்கு முதலில் நடத்திய பாடம் மெமரி. டாஸ் காலத்து பிசியில் 8 எம்பி ராம் இருந்தாலும் புரோகிராம் நேரடியாகப் புழங்க 640 கேபிதான் கிடைக்கும். முதல் பிசியின் 8088 பிராசஸரால் மொத்தம் ஒரு எம்பியைத்தான் எட்ட முடியும். அதில் மேல்பகுதியை திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஏற்பாடு 486 வரைக்கும் கூடவே வந்தது. மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், சவுண்ட் கார்டு எல்லாம் அந்த 640-க்குள் இடம் பிடித்துக்கொள்ளும். அக்கவுன்ட்ஸ் எழுதுகிறவருக்கு அதனால் குறை இல்லை. பெரிய கேம்களோ 600 கேபிக்குப் பக்கத்தில் காலியாக இருந்தால்தான் திறக்கும். ஆகவே கான்ஃபிக்.சிஸ் ஃபைலைத் திறந்து, எதை மேலே ஏற்றலாம், எதை விடலாம் என்று வரி வரியாகப் பார்ப்போம். சவுண்ட் பிளாஸ்டருக்கு அட்ரஸ் 220, ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1. இன்றும் என்னை எழுப்பிக் கேட்டால் சொல்வேன். ஒவ்வொரு கேமுக்கும் தனி பூட் ஃப்ளாப்பி வைத்திருந்த பையன்கள் மதுரையில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவரைவிட மெமரியைப் பற்றித் தெளிவாகப் பேசினார்கள்.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் டூமை வெளியிட்டது. முதல் பகுதி இலவசம், யாரும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம். ஃப்ளாப்பியில் எங்கள் ஊருக்கும் வந்தது. டூமின் கணக்கெல்லாம் முழு எண் கணக்கு. அதனால் 486-இல் கணிதப் பகுதி முடக்கப்பட்ட எஸ்எக்ஸ் வாங்கினாலும், அது வேலை செய்யும் டிஎக்ஸ் வாங்கினாலும், கடிகார வேகம் ஒன்றாக இருந்தால் டூம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். எஸ்எக்ஸ் வாங்கியவர்கள் ஏமாறவில்லை.

1996 ஜூனில் வந்த குவேக் அந்தக் கணக்கை மாற்றியது. அதற்குள் கடைகளில் சிரிக்ஸ் 6எக்ஸ்86 நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. பென்டியத்தைவிட விலை குறைவு. 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு 166+ என்று பெயர் வைத்திருந்தார்கள், பென்டியம் 166-க்குச் சமம் என்ற பொருளில். ஆபீஸ் வேலையைப் பொறுத்தவரை அந்தப் பெயர் நேர்மையானது. வேர்டு, எக்ஸெல், பேஜ்மேக்கர் எதிலும் சிரிக்ஸ் பின்தங்கவில்லை. நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். குவேக் வேறு வகை. அது உண்மையான முப்பரிமாண உலகம். சுவரின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தசம எண்களில் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வகுத்தல் மெதுவான வேலை. குவேக்கை எழுதிய மைக்கேல் ஆப்ராஷும் ஜான் கார்மாக்கும் அதற்கு ஒரு வழி கண்டார்கள்: 16 புள்ளிக்கு ஒரு முறை மட்டும் வகுப்பது, பென்டியத்தின் ஃப்ளோட்டிங் பாயின்ட் பகுதி அந்த வகுத்தலைச் செய்துகொண்டிருக்கும்போதே, முழு எண் பகுதி அந்த 16 புள்ளிகளையும் வரைந்து முடிப்பது. பென்டியத்தின் அமைப்புக்கென்றே அளவெடுத்து எழுதிய நிரல் அது. சிரிக்ஸின் ஃப்ளோட்டிங் பாயின்ட் பகுதியால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 166+ வாங்கிய பையன்கள் திரும்பி வந்தார்கள். “அண்ணே, படம் நின்னு நின்னு போகுது.”

சிரிக்ஸ் 1988-இல் டெக்ஸாஸில் தொடங்கியதே கணித கோ-பிராசஸர் செய்யத்தான். இன்டெலின் 387-க்குப் பதிலாக அவர்கள் விற்ற சிப் வேகமானது என்று பெயர் எடுத்தது. அதே கணிதத்தில் அவர்கள் விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 1997-இல் நேஷனல் செமிகண்டக்டர் அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது, 1999-இல் வயாவிடம் போனது. கம்பெனி விழ வேறு காரணங்களும் இருந்தன; சூடும் அதிகம். ஆனால் மதுரையில் சிரிக்ஸின் பெயரைக் கெடுத்தது ஒரு கேம். குவேக்கையே பார்க்காத ஆடிட்டர்கள்கூட அதன்பின் “சிரிக்ஸ் வேண்டாம், பென்டியம் போடுங்க” என்றார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் சொல்லியனுப்பியது அது. அந்த ஆடிட்டர்களுக்கு சிரிக்ஸ்தான் சரியான சிப் என்பது என் தீர்மானமான கருத்து. அதே பணத்தில் இன்னும் 16 எம்பி ராம் போட்டிருக்கலாம்.

விலை குறைந்த சிப் ஜெயித்ததும் உண்டு. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ. அதற்கு முந்தைய செலரானில் எல்2 கேஷ் கிடையாது, யாரும் மதிக்கவில்லை. 300ஏ-யில் 128 கேபி கேஷை சிப்புக்குள்ளேயே வைத்து, பிராசஸரின் முழு வேகத்தில் ஓட விட்டார்கள். பென்டியம் 2-இல் 512 கேபி இருந்தும் அது பாதி வேகத்தில்தான் ஓடியது. 300ஏ-யின் பெருக்கம் 4.5. பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். மிகப் பல சிப்கள் அதைத் தாங்கின. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத வீட்டில், ஃபேனை மாற்றிக் கேபினெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து ஓட்டினார்கள். அந்தப் பத்தாண்டில் நான் விற்றதிலேயே நல்ல பிராசஸர் எது என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 95 வந்தபோது கேம் எழுதுகிறவர்கள் டாஸை விட்டு நகரத் தயாராக இல்லை. மைக்ரோசாஃப்ட் அதற்காகவே டைரக்ட்எக்ஸை உருவாக்கியது; டூமைத் தானே விண்டோஸுக்கு மாற்றிக் காட்டியது. பிறகு ஏஜ் ஆஃப் எம்பையர்ஸும் ரோட் ரேஷும் விண்டோஸிலேயே ஓடின, ஐஆர்கியூ எண்களை யாரும் கேட்கவில்லை. அத்தோடு எங்கள் ஊர் வீடுகளில் போட்டி முடிந்துவிட்டது. காசு கொடுத்து விண்டோஸ் வாங்கிய வீடு அபூர்வம். சிஸ்டத்தோடு விண்டோஸும் போட்டுத்தான் தர வேண்டும் என்பது வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு. எக்ஸ்பி காலத்தில் அந்த 25 எழுத்து கீயை மனப்பாடமாக டைப் அடித்த சர்வீஸ் பையன்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

லினக்ஸ் வராமல் இல்லை. பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு சிடியாகவே வந்தது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. நானும் ஆசையோடு போட்டுப் பார்த்தேன். தடை இரண்டு. ஒன்று, அன்று விற்ற மலிவான இன்டர்னல் மோடம்களில் பாதி வேலையை விண்டோஸ் டிரைவர்தான் செய்தது. லினக்ஸில் டயல் டோனே வராது. இரண்டு, கேம் இல்லை. விண்டோஸுக்கு உண்மையான விலை கொடுக்க வேண்டியிருந்தால், நம் பள்ளிகளும் சிறு ஆபீஸ்களும் லினக்ஸைப் பழகியிருக்கும், நம் பிள்ளைகள் நிரலைத் திறந்து படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். காப்பி சிடி நமக்குச் செய்த பெரிய நஷ்டம் இதுதான்.

இன்னொரு நஷ்டம் ஒரே நாளில் வந்தது. 1999 ஏப்ரல் 26, திங்கள்கிழமை. காலையிலிருந்து கடை போன் ஓயவில்லை. ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. சிஐஎச் வைரஸ். தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதியது. இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள் இருக்கும் காலி இடைவெளிகளில் துண்டு துண்டாக உட்கார்ந்துகொள்ளும். ஃபைலின் அளவு கூடாது. கைமாறி கைமாறி வந்த கேம் சிடிகளில் அது ஊர் சுற்றியது. அந்தத் தேதியில் ஹார்டு டிஸ்க்கின் முதல் ஒரு எம்பியை அழித்தது. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டு போன்றவற்றில் பயாஸையும் எழுதிக் கெடுத்தது.

போர்டே போய்விட்டது என்று பலர் புதிதாக வாங்கினார்கள். தெரிந்த கடைகள் வேறு வழி செய்தன. அதே மாடல் நல்ல போர்டு ஒன்றை டாஸில் பூட் செய்வோம். பயாஸ் அப்போது ராமில் ஏறியிருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பை நெம்பி எடுத்து, கெட்ட சிப்பைச் செருகி, ஃப்ளாஷ் புரோகிராமை ஓட்டி எழுதுவோம். கை நடுங்கினால் இரண்டு போர்டும் போகும். ஃபேட்32 டிஸ்க் பெரியதாக இருந்தால் இரண்டாவது ஃபேட் தப்பியிருக்கும். அதிலிருந்து டேட்டாவை மீட்கலாம். ஓர் அச்சகக்காரர் தன் டிஸ்க்கில் இருந்த கல்யாணப் பத்திரிகைகள் திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தொழிலில் எனக்குப் பெருமையான வாரம் அது.

சில வருடங்கள் கழித்து மதர்போர்டு கெப்பாசிட்டர்கள் உப்பி வெடிக்கும் நோய் உலகம் முழுக்க வந்தது. அப்போது ரிச்சி தெருவின் பழைய ரேடியோக் கடைகளுக்கே மறுபடி போய் நின்றோம். ரேடியோவுக்குப் போடும் சாதாரண ரகம் போர்டில் தாங்காது, லோ ஈஎஸ்ஆர் ரகம் வேண்டும். அதை எடுத்துக் கொடுத்தவர்கள் சால்டரிங்கில் வளர்ந்த அந்தப் பெரியவர்கள்தான்.

பிறகு லேப்டாப் வந்தது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்து. கேம் போனுக்குப் போனது. பையன்களுக்குக் கழற்றிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பரணில் பழைய கேபினெட், டிரைவர் சிடி, போர்டு கையேடு, ரிச்சி தெரு விலைத்தாள் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். இந்தத் தொழிலுக்கு வேறு ஆவணம் இல்லை. தாளை ஸ்கேன் செய்யுங்கள்; எழுதிய சிடிகளில் சாயம் கெட்டுக்கொண்டிருக்கும், இப்போதே காப்பி எடுங்கள். 386, 486 போர்டாக இருந்தால் முதலில் அதில் இருக்கும் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். அது கசிந்து காப்பர் டிராக்கைத் தின்றுவிடும். ஏற்கெனவே கசிந்திருந்தால், வினிகர் தொட்ட துணியால் துடைத்து, சுத்தமான தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் கரன்ட் கொடுக்க வேண்டும்.