தொழுவத்துக்கும் பிரசவ அறைக்கும் ஒரே ஊசி

பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைக்குதுன்னு 1906-ல் எழுதியவர் ஹென்றி டேல். அதைச் செய்யும் ஆக்ஸிடோசினை 1953-ல் ஆய்வகத்திலேயே உருவாக்கினார் டு விக்னோ. 1955-ல் நோபல் வாங்கினார். பிள்ளை பிறந்ததும் கருப்பை இறுகினால்தான் உதிரப்போக்கு நிற்கும். அதுக்குத்தான் இந்த ஊசி.

இதே ஹார்மோன் மடியின் நுண்தசைகளையும் சுருக்கிப் பாலை இறக்கும். அதனால் மாடுகளுக்கும் திருட்டுத்தனமாகப் போட்டார்கள். அதைத் தடுக்க, 2018 ஏப்ரலில் மத்திய அரசு உள்நாட்டு விற்பனைக்குத் தனியார் தயாரிப்பதையே தடை செய்தது. நாடு முழுக்க ஒரே பொதுத்துறை நிறுவனம்தான் கொடுக்கணும். தட்டுப்பாடு வந்தா? டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

ஐயப்பன்தாங்கல்வாசியான எனக்கு அது சரின்னே படுது. தொழுவத்தில் நடந்த தப்புக்குத் தாய்மார்கள் ஏன் விலை கொடுக்கணும்?