18650 லித்தியம்-அயனி மின்கலம்: மின்சிகரெட்டுகளில் பாதுகாப்பான மின்னேற்றம்

18650 என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட, மீண்டும் மின்னேற்றத்தக்க லித்தியம்-அயனி உருளை மின்கலம். பெயரின் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும் அடுத்த இரண்டு நீளத்தையும் கடைசிச் சுழியம் உருளை வடிவத்தையும் குறிக்கின்றன. மடிக்கணினி, கைவிளக்கு, பவர் பேங்க், மின்வாகனம் ஆகியவற்றில் இடம்பெறும் இக்கலம், கழற்றி மாற்றத்தக்க மின்கலம் கொண்ட மின்சிகரெட்டுகளிலும் பரவலாகப் பயன்படுகிறது. மடிக்கணினியில் இக்கலம் கூட்டுக்குள் பூட்டப்பட்டு மின்னணுச் சுற்றின் கண்காணிப்பில் இருக்கும். மின்சிகரெட் பயன்படுத்துபவரோ அதை வெளியே எடுக்கிறார், பையில் வைத்துச் செல்கிறார், தனி சார்ஜரில் ஏற்றுகிறார். எனவே சுற்று செய்ய வேண்டிய காவலில் பெரும்பகுதி அவர் பொறுப்பாகிறது.

வரலாறு

1980இல் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைப் பொருளாகப் பயன்படுத்திக் காட்டினர். 1985இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் பொருளை எதிர்முனையில் அமைத்துப் பாதுகாப்பான மாதிரியை உருவாக்கினார். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி மின்கலத்தை வணிக அளவில் வெளியிட்டது. குட்இனஃப், யோஷினோ, ஸ்டான்லி விட்டிங்ஹாம் மூவரும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்றைய மின்சிகரெட்டின் முன்னோடியைச் சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கினார். தொடக்கக் காலக் கருவிகள் பேனா வடிவில், சிறிய மின்கலத்துடன் இருந்தன. கூடுதல் ஆவி தரும் ‘மாட்’ வகைக் கருவிகள் வந்த பிறகு 18650 கலங்களின் பயன்பாடு பெருகியது.

அமைப்பு

கலத்தின் உள்ளே கிராஃபைட் பூசிய செப்புத் தகடும், உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடும் பாய்போலச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் தொட்டுவிடாதபடி இடையில் மெல்லிய பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பிரிப்புப் படலம் இருக்கும். லித்தியம் உப்பு கரைந்த மின்பகு திரவம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான்களால் ஆனது.

வெளிப்புற எஃகுக் குப்பி முழுவதுமே எதிர்முனை. நேர்முனை மூடியை அதிலிருந்து பிரிப்பவை ஒரு காப்பு வளையமும் மேலுறையும்தான். மெல்லிய பிளாஸ்டிக் மேலுறை கிழிந்தால் கலமும் கருவியும் குறுக்குச்சுற்றுக்கு உள்ளாகலாம். பல கலங்களின் மூடியில், உள்ளழுத்தம் மிகும்போது மின்தொடர்பைத் துண்டிக்கும் தட்டும், வாயுவை வெளியேற்றும் துளையும் உண்டு. தனிப் பாதுகாப்புச் சுற்று பொருத்திய கலங்களும் உள்ளன. ஆனால் மின்சிகரெட்டுகளில் பெரும்பாலும் பயன்படுபவை அச்சுற்று இல்லாத, உயர் மின்னோட்டம் தரும் கலங்களே.

மின்னேற்ற முறை

கோபால்ட், மாங்கனீசு, நிக்கல் சேர்ந்த வழக்கமான கலங்களின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுதாக ஏறியபோது 4.2 வோல்ட். மின்னேற்றம் இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதற்கட்டத்தில் சார்ஜர் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்த, மின்னழுத்தம் படிப்படியாக 4.2 வோல்ட்டை எட்டுகிறது. அடுத்த கட்டத்தில் மின்னழுத்தம் அதே அளவில் நிறுத்தப்பட, மின்னோட்டம் குறைந்துகொண்டே வருகிறது. அது மிகச் சிறிய அளவுக்கு இறங்கியதும் சார்ஜர் ஓட்டத்தை முழுவதுமாக நிறுத்த வேண்டும். நிக்கல்-காட்மியம் கலங்களுக்குத் தருவதைப்போல நிறைந்த பிறகும் சிறு ஓட்டம் தொடர்ந்து செல்வதை லித்தியம்-அயனி தாங்காது. ஆகவே நிக்கல் கலங்களுக்கான சார்ஜரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மின்னோட்டத்தின் அளவு கலத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. 2500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட கலத்துக்குக் கொள்ளளவின் பாதியான 1.25 ஆம்பியர் மிதமான வேகம். சிறிய 18350 கலங்களுக்கு இதைவிடக் குறைந்த ஓட்டமே பொருந்தும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையின் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட், உச்சம் 3.65 வோல்ட். அதை 4.2 வோல்ட் அமைப்பில் ஏற்றினால் அளவுமீறிய மின்னேற்றமாகும்.

பொதுவாக 0 முதல் 45 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில்தான் மின்னேற்றம் நடக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. இதனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உட்குறுக்குச்சுற்று நேரும் வாய்ப்பும் கூடும்.

கலம் ஏன் தீப்பற்றுகிறது?

அளவுமீறிய மின்னேற்றம், குறுக்குச்சுற்று, நசுங்கல், வெளிவெப்பம் ஆகியவற்றில் எதுவும் கலத்தைச் சூடாக்கலாம். ஏறத்தாழ 130 பாகை செல்சியஸில் பாலித்தீன் படலம் உருகுகிறது. தொடர்ந்து நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை வெளியிட, கரைப்பான் எரிகிறது. ஒரு வினையின் வெப்பம் அடுத்த வினையைத் தூண்டுவதால் இதை இடையில் நிறுத்துவது கடினம். கோபால்ட் ஆக்சைடு கலங்கள் இதற்கு எளிதில் இலக்காகின்றன. இரும்பு பாஸ்பேட் கலங்கள் ஒப்பீட்டளவில் நிலையானவை.

அளவுமீறி வடிந்த கலமும் ஆபத்தானதே. மின்னழுத்தம் மிகத் தாழ்ந்த நிலையில் நீண்ட நாள் கிடந்தால் எதிர்முனையின் செப்பு கரைந்து, மறுமின்னேற்றத்தின்போது உள்ளே குறுக்குச்சுற்றை ஏற்படுத்தலாம். இத்தகைய கலத்தை உயிர்ப்பிக்க முயலாமல் அகற்றிவிடுவதே முறை.

மின்சிகரெட்டுக்கே உரிய சிக்கல்கள்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் ஊடகங்களில் பதிவான 195 மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 133 நிகழ்வுகளில் காயங்கள் ஏற்பட்டன. பயன்படுத்தும்போதும், சட்டைப்பையில் இருக்கும்போதும், மின்னேற்றத்தின்போதும் விபத்துகள் நேர்ந்திருந்தன. உருளைக் கலத்தின் முனைகளே அதன் பலவீனமான பகுதி. உள்ளழுத்தம் முனை வழியே வெளியேறும்போது கலமோ கருவியோ எறிபொருளாகப் பாய்கிறது.

மின்னேற்ற விபத்துகளுக்கு யூஎஸ்பி இணைப்பு ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. ஒரு கருவிக்கென வடிவமைத்த கம்பியும் கட்டுப்பாட்டுச் சுற்றும் இன்னொன்றுக்குப் பொருந்திவிடுவதால், பயனர்கள் கைக்குக் கிடைத்த சார்ஜரை மாட்டுகின்றனர். யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டை 4.2 வோல்ட்டாகக் கட்டுப்படுத்தும் சுற்று எங்கும் இல்லாவிட்டால் கலம் அளவுமீறி ஏறும்.

மின்கட்டுப்பாட்டுச் சுற்றே இல்லாத ‘மெக்கானிக்கல் மாட்’ கருவியில் ஓமின் விதியே முழுக் கட்டுப்பாடு. 0.2 ஓம் மின்தடை கொண்ட சூடேற்றும் சுருளுக்கு 4.2 வோல்ட் கொடுத்தால் 21 ஆம்பியர் பாயும். 10 ஆம்பியர் மட்டுமே தாங்கும் கலம் அதில் கடுமையாகச் சூடேறும்.

பாதுகாப்பான நடைமுறை

அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின், ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்கும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். ஏற்றி முடித்த கலத்தை மல்ட்டிமீட்டரில் அளந்தால் 4.15 முதல் 4.20 வோல்ட் வரை இருக்கலாம், 4.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்தச் சார்ஜரை ஒதுக்கிவிட வேண்டும். நேர், எதிர் முனைகளைச் சரிபார்த்தே கலத்தை வைக்க வேண்டும்.

ஓடு, சிமென்ட் போன்ற தீப்பற்றாத தரையில் வைத்து ஏற்றலாம். படுக்கை, சோபா, வெளியேறும் வழி ஆகிய இடங்கள் கூடாது. தூங்கும்போதோ ஆளில்லாதபோதோ ஏற்றக் கூடாது. தொட முடியாத சூடு, ஒழுகல், இனிப்பு கலந்த கரைப்பான் வாடை, நசுங்கல், துரு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கலத்தைப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும். கிழிந்த மேலுறையை வெப்பத்தில் சுருங்கும் புதிய உறையால் மாற்றலாம்.

இரண்டு கலம் வேண்டிய கருவியில் ஒரே தயாரிப்பு, ஒரே வயது, ஒரே பயன்பாடு கொண்ட இணையே இருக்க வேண்டும். புதியதையும் பழையதையும் கலந்தால் பலவீனமான கலம் முன்னதாக வடிந்து சேதமடையும். 18650 அளவில் நம்பத்தக்க கலங்களின் கொள்ளளவு பொதுவாக 3500 மில்லிஆம்பியர்-மணி அளவைத் தாண்டுவதில்லை. 9900 என அச்சிட்டவை போலிகள்.

சேமிப்பும் பயணமும்

நாணயம், சாவிக்கொத்து கிடக்கும் பையில் தனிக் கலத்தைப் போடுவது பல தீக்காயங்களுக்குக் காரணம்; அதற்கெனப் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. நீண்ட நாள் வைத்திருப்பதாயின் 3.7 முதல் 3.8 வோல்ட் அளவில், குளிர்ந்த உலர்ந்த இடம் ஏற்றது. விமானத்தில் மின்சிகரெட்டையும் உதிரிக் கலங்களையும் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. விமானத்துக்குள் மின்சிகரெட்டை மின்னேற்றவும் கூடாது.

கலம் தீப்பற்றினால் முதலில் புகையிலிருந்து விலக வேண்டும். அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உட்பட நச்சு வாயுக்கள் இருக்கலாம். அருகில் மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது பலனளிக்கும்.

சட்ட நிலையும் அகற்றலும்

இந்தியாவில் மின்சிகரெட்டுகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் அவற்றை வைத்திருப்பதும் குற்றம். தடை கருவிக்கே அன்றி 18650 கலத்துக்கு இல்லை. கைவிளக்கிலும் பவர் பேங்கிலும் அதே கலம் இருப்பதால் மேற்கண்ட மின்னேற்ற விதிகள் அவற்றுக்கும் பொருந்தும். பயன்பாடு முடிந்த கலத்தின் இரு முனைகளிலும் காப்பு நாடா ஒட்டி, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையில் போடப்படும் லித்தியம் கலங்கள் குப்பை வண்டிகளிலும் கிடங்குகளிலும் தீவிபத்துகளை உண்டாக்குகின்றன.