சரிவு பார்த்து நிறுத்திய வண்டிகள்

1978-ல் கோவை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேட்டரிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி சொல்லித் தந்த முதல் பாடம், "வண்டி எங்க நிக்குதுன்னு பாரு." இறக்கத்தில் மூக்கைக் கீழே வைத்து நின்றால் பேட்டரி படுத்துவிட்டது என்று அர்த்தம். உருட்டி ஸ்டார்ட் பண்ண டிரைவர் தேடிப் பிடித்த சரிவு அது. சிலர் டீ குடிக்க இறங்கினாலும் என்ஜினை அணைக்க மாட்டார்கள்.

கெட்டரிங் என்பவர் உருவாக்கிய செல்ஃப் மோட்டார் 1912-லேயே அமெரிக்காவில் கேடிலாக் காரில் வந்துவிட்டது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் எங்க ஊர் ஜி.டி.நாயுடு பஸ் விட்டதே அதற்குப் பிறகு, 1920-ல். ஆனாலும் நான் தொழிலுக்கு வந்த காலத்திலும் அம்பாசடர் முன்பக்கம், கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டில் போடத் துளை இருந்தது. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்கணும். என்ஜின் திருப்பி உதைத்தால் கை போய்விடும்.

அப்போதைய பேட்டரியைப் பிரித்து வைத்தியம் பார்க்கலாம். கருப்பு எபோனைட் பெட்டி, மேலே தார் பூச்சு, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டாக ஆறு செல். இரண்டு கொம்புள்ள செல் டெஸ்டரை ஈயப் பட்டையில் அழுத்தினால் நடுவிலுள்ள கம்பி சிவக்கும். ஐந்து செல்லில் டெஸ்டர் முள் இறங்காமல் நிற்கும். ஆறாவதில் சரிந்து விழும், மூடித் துளைக்குள் ஆசிட் கொதிப்பதுபோல் நுரைக்கும். தாரை உருக்கி அந்தத் தகடுகளை மட்டும் மாற்றுவோம். ஆசிட் பட்டு என் சட்டை எல்லாமே சல்லடைதான். அம்மா துவைக்கும்போதே கிழியும்.

போன மாதம் பேரூர்க்காரர் ஒருவர் வந்தார்.

"அண்ணா, சிக்னல்ல வண்டி அணையறதே இல்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அணைந்தால் கிளம்பாதே என்று பயந்த தொழில் இது!

அவருடையது சிக்னலில் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் தானே கிளம்பும் வண்டி. பேட்டரியில் சார்ஜ் குறைந்தால் அணைய மறுக்கும். ஏசி அதிகம் இழுத்தாலும், என்ஜின் சூடேறாவிட்டாலும் அப்படித்தான். அதனால் எடுத்ததும் பேட்டரியைப் பழிக்கக்கூடாது. இவருடையதில் ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டியது 12.2 காட்டியது. லோடு கொடுத்தால் ஒன்பதுக்கும் கீழே. எட்டு மாதத்துக்கு முன் எங்கோ சாதா பேட்டரி போட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை ஸ்டார்ட் ஆகிற வண்டிக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரி வேண்டும்; கம்பெனி எதைப் போட்டு அனுப்பியதோ அதையே போடணும். நெகட்டிவ் முனையில் சென்சார் உட்கார்ந்திருப்பதால், வேறு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கும்போது கருப்பு ஒயரை பாடியில் கடிக்க விடணும். முனையில் கொடுத்தால் சென்சார் கணக்குத் தப்பும்.

ஈ.எஃப்.பி. மாற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் பழக்கத்தில் ஜி.டி.நாயுடு மேம்பாலத்தில் ஏற்றப் பார்த்தார்.

"மேல வேண்டாமுங்க, அங்க சிக்னலே இல்லை. கீழயே போங்க."

லட்சுமி மில்ஸ் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நியூட்ரல் போட்டார். என்ஜின் அணைந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்: "ஆஃப் ஆயிடுச்சுங்களா? தள்ளிவிடட்டுங்களா?"