அணையா விளக்கும் சாகாத ஆடுகளும்

தமிழகத்துக் கற்கோயில்களில் கருவறைக்குச் சன்னல் வைப்பதில்லை. பட்டப்பகலிலும் மூலவரைக் காண விளக்கு வேண்டும். அந்தத் தேவையோடு, ஒளியே இறைவன் என்ற சைவக் கருத்தும் சேர்ந்தது. பகலும் இரவும் அணையாமல் எரிய வேண்டிய நந்தா விளக்கு அப்படித்தான் கோயில் ஒழுங்கில் நிலைபெற்றது.

விளக்கேற்றுவது எவ்வளவு பெரிய தொண்டாக மதிக்கப்பட்டது என்பதைப் பெரியபுராணம் காட்டுகிறது. திருவாரூரில் நெய் கிடைக்காதபோது நமிநந்தியடிகள் தண்ணீரால் விளக்கேற்றுகிறார். தில்லையில் விளக்கெரிக்க வழியில்லாத கணம்புல்லர் தம் தலைமுடியையே எரிக்கிறார். திருவொற்றியூர்க் கலியர், எண்ணெய் வாங்கப் பொருளின்றி, கழுத்தை அறுத்துக் குருதியால் அகலை நிரப்பத் துணிகிறார். மூவரையும் வருத்தியது ஒரே கவலை: இன்றைக்கு எண்ணெய்க்கு என்ன செய்வது?

அந்தக் கவலை அன்றாடம் எழாதபடி செய்ததுதான் விளக்குக் கொடை. 9ஆம் நூற்றாண்டின் பல்லவர் கல்வெட்டுகளிலேயே இதைக் காணலாம். சோழர் காலத்தில் ஊருக்கு ஊர் பெருகியது. கொடுப்பவர் அரசியாகவோ வணிகராகவோ படைவீரராகவோ இருக்கலாம். சிலர் பொன் கொடுத்தனர். ஊர்ச் சபை அதை முதலாக ஏற்று, வட்டியிலிருந்து நெய் அளந்தது. ஆனால் பெரும்பாலோர் கொடுத்தது ஆடு. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்பது வழக்கமான கணக்கு. முழு விளக்குக்கு வசதியில்லாதவர் அந்த எண்ணிக்கையில் பாதி ஆடுகளைக் கொடுத்து அரை விளக்கு வைத்தார்.

ஆடுகள் கோயில் வாசலில் கட்டிக் கிடக்கவில்லை. அவற்றை இடையர்கள் ஓட்டிச் சென்று மேய்த்தார்கள். விளக்கொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளந்தார்கள். நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் 90 நாழி நெய் வரவேண்டும். மந்தையில் ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் இடையரின் பொறுப்பு குறையாது. பிறக்கும் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும். மிஞ்சும் ஈற்றும் மற்றப் பயனும் அவருக்கு. கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. கவிதை போல ஒலித்தாலும் இது கறாரான ஒப்பந்த மொழி. சந்திரனும் சூரியனும் உள்ளவரை விளக்கு எரியவேண்டுமானால், முதல் ஒரு நாளும் தேயக்கூடாதல்லவா?

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இதை மிகத் துல்லியமாகக் காட்டுகின்றன. அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதாவது ஒரு பசு இரண்டு ஆட்டுக்கும், ஓர் எருமை மூன்று பசுவுக்கும் ஈடு. நெய்யை அளக்க இறைவன் பெயரிலேயே ‘ஆடவல்லான்’ என்ற அளவை இருந்தது. எந்த இடையர் எத்தனை ஆடு பெற்றார், அவரோடு சேர்ந்து பொறுப்பேற்ற உறவினர் யார் என்பதையும் பொறித்திருக்கிறார்கள். மாமன்னனின் கோயில் சுவரில் ஆடு மேய்த்தவர்களின் பெயர்கள் நிற்பதற்கு இந்த விளக்குக் கணக்கே காரணம்.

விளக்கு தண்டனையாகவும் விதிக்கப்பட்டது. வேட்டையில் விலங்கைக் குறிவைத்த அம்பு தவறி மனிதன் உயிரைக் குடித்த வழக்குகள் சில சோழர் கல்வெட்டுகளில் உள்ளன. ஊராரும் நாட்டாரும் கூடி விசாரித்து, கொலை எண்ணம் இல்லையென்று கண்டால் உயிருக்கு உயிர் கேட்கவில்லை. இறந்தவருக்காகக் கோயிலில் நந்தா விளக்கு வைக்கச் சொன்னார்கள். குற்றவாளியின் பாவம் கழியவும், செத்தவன் பெயரில் ஒரு புண்ணியம் நடக்கவும், கோயிலுக்கு நெய் வரவும் ஒரே தீர்ப்பு வழிசெய்தது. பழிக்குப் பழி என்று இரு குடிகள் மோதிக்கொள்வதையும் இது தடுத்திருக்க வேண்டும்.

பிற்காலச் சோழர் காலத்திலேயே காசுக் கொடைகளும் கூடின. விசயநகர ஆட்சியில் நிலமும் ஊர்களும் கோயில் வருவாயின் முதுகெலும்பாயின. தனி விளக்குக்குத் தனி மந்தை என்ற ஏற்பாடு அதன்பின் அரிதாகிவிட்டது.