பால் டீயும் செய்முறை எழுத்தும் (ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம்)

இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றித் தரும் டீ, மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் அன்றாடப் பழக்கம். பழக்கமாகி நூறாண்டுக்குள்தான் இருக்கும். இவ்வட்டாரத்தின் பால் சமையலுக்கோ ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. அச்சமையலை யார், எதற்காக எழுதிவைத்தார்கள் என்று பார்த்தால், அச்சில் வந்த முதல் டீ செய்முறைகளில் இஞ்சிக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதும் விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதை நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறார். அதைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. மார்கழியில் ஆண்டாள் தாய்வீடாகக் கருதப்படும் பெரியாழ்வார் வழியினர் இல்லத்துக்கு எழுந்தருளும்போது திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் படைக்கிறார்கள். பாட்டில் பண்டத்தின் பெயரும் பாத்திரக் கணக்கும் உண்டு. அரிசிக்கு எத்தனை பங்கு பால் என்பது கிடையாது.

அளவைக் கல்வெட்டில்தான் பார்க்கிறோம். தெற்கே அம்பாசமுத்திரத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியர் கல்வெட்டு, 290 காசை முதலாக வைத்து, அதன் வட்டியில் கோயிலுக்கு நாள்தோறும் படைக்க வேண்டிய சோறு, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறிவகைகளை அளவோடு வகுக்கிறது. மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவை அதில் ‘காயம்’ என்று வருகின்றன. மடைப்பள்ளிக்காரருக்குச் சமையல் சொல்லித்தர இதை வெட்டவில்லை. வைத்த முதல் கரையக் கூடாது, படைப்பில் ஒரு பிடி குறையக் கூடாது என்பதுதான் நோக்கம். தமிழ்நாட்டின் சமையல் எழுத்துக்குத் தொடக்கம் தேடுவோர் இத்தகைய அறக்கட்டளைக் கணக்குகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

டீக்கான செய்முறையை எழுதியவர்கள் அதை விற்க வந்தவர்கள். 1903ஆம் ஆண்டின் தேயிலைத் தீர்வைச் சட்டம், ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது வரி விதித்து அப்பணத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கியது. இந்திய மொழிகளில் எனாமல் பலகைகள் எழுந்தன. இலவச டீ ஊற்றிக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன முறையில் விட்டுக்கொடுப்பே இல்லை: புதுத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், கோப்பைக்கு ஒரு கரண்டி, கெட்டிலுக்கென்று இன்னொரு கரண்டி, ஐந்து நிமிடம் ஊற வேண்டும், பாலும் சர்க்கரையும் பிறகு. மசாலாவும் நிறையப் பாலும் சேர்ந்தால் தூள் குறைவாகத்தானே செலவாகும்? பிரசாரகர்களுக்கு அது பிடிக்கவில்லை. இந்தியர்கள் அவர்கள் சொன்னபடி கேட்காமல் போனது நல்லதுக்குத்தான்.

பிரசாரம் ஆலைகளையும் குறிவைத்தது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கியபின் இவ்வூர் நூற்பாலை நகரமாக வளர்ந்தது. ஷிப்டு மாறும் ஊரில் டீக்கடை அடுப்பு அணைவதில்லை. அசாமில் 1930களில் உருவாகிப் பிற்பாடு நாடெங்கும் பரவிய சிடிசி (நசுக்கி, கிழித்து, சுருட்டிய) தூள், கொஞ்சம் போட்டாலே கெட்டியாகச் சாயம் இறங்கும் என்பதால் கடைக்காரர்களுக்குக் கட்டுப்படியானது.

இங்கத்திய முறையில் பால் தனியே காய்ந்துகொண்டிருக்கும். தூள் துணி வடிகட்டியில் கிடந்து டிகாக்‌ஷனாக இறங்கும். இரண்டையும் கிளாசில் சேர்த்து உயரத் தூக்கி ஆற்றினால் நுரை நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிடும் வடநாட்டு முறையிலிருந்து இது வேறுபட்டது. இஞ்சி போடுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு; இளஞ்சூட்டுப் பாலில் போட்டால் பால் திரிந்துபோகும். வெந்நீரிலேயே இஞ்சியைக் கொதிக்கவிட்டாலோ, பால் பொங்கிய பிறகு போட்டாலோ நொதி செயலிழந்துவிடும். நொதி என்ற பெயரைக் கேட்டிராத டீ மாஸ்டருக்கும் இந்த வரிசை தவறாது. ஏலக்காய்க்குத் தொலைவு போக வேண்டியதில்லை. மலைக்கு வடக்கே போடிநாயக்கனூர் அதன் பெருஞ்சந்தை.

சமைப்பவருக்காகவே எழுதிய புத்தகமாகத் தமிழ் வீடுகளில் நிலைத்தது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. முதல் பாகம் 1951இல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்த அவர், உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் எழுதினார். தாயும் மாமியாரும் அருகில் இல்லாத பெண்ணுக்கு அளவையும் வரிசையையும் பொறுமையாகச் சொன்ன அந்நூலை நம் சமையல் எழுத்தின் பெருந்திருப்பமாகவே கருதலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கோ எழுத்து அரசுப் பதிவாக வந்தது. அகன்ற வாணலியில் பாலைச் சர்க்கரையோடு கைவிடாமல் கிண்டிச் சுண்டவைக்கும் இப்பண்டத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கிண்டியதை இவ்வூர்ப் பெயரில் விற்க இப்போது சட்டம் இடம் தராது.