பிரேக் ஏன் கத்துகிறது?

எங்கள் வீடு கோரிப்பாளையம் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரம். தர்காவின் பாங்கு, அரசு மருத்துவமனைக்கு ஓடும் ஆம்புலன்ஸ், இவற்றோடு இன்னொரு சத்தமும் நாள் முழுக்க வீட்டுக்குள் வரும். சிவப்பு விளக்கு விழுந்ததும் நாலைந்து வண்டிகளாவது கீச்சென்று கத்திக்கொண்டுதான் நிற்கும். போன மாதம் எங்கள் மாப்பிள்ளையின் காரும் அந்தக் கச்சேரியில் சேர்ந்துகொண்டது.

"பிரேக் நல்லாத்தான் பிடிக்குது மாமா. சத்தம்தான் மானத்தை வாங்குது. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா நின்னுடும்னு ஒரு பையன் சொல்றான்" என்றார்.

எண்ணெய் என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை அடக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். அது நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதை. நம் மதுரைக்கும் அதில் பங்கு உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரேக்குக்குப் பிரெஞ்சில் 'ஃப்ரேன்' என்று பெயர். குதிரையின் வாயில் மாட்டும் கடிவாள இரும்புக்கும் அதே சொல்தான். எங்கள் இயற்பியல் வாத்தியாருக்குக் கூலோம் என்றால் உயிர். மின்சாரப் பாடத்தில் வரும் கூலோம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் ராணுவப் பொறியாளர். ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் கட்டையும் இரும்பும் வைத்துச் சோதித்து, உராய்வைப் பற்றி எழுதித்தான் 1781-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கினார். அவர் சோதித்துக் காட்டியவற்றில் ஒன்று, வீட்டில் பீரோவை நகர்த்திய யாருக்கும் தெரிந்த விஷயம். நகரத் தொடங்கும்வரைதான் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். நகர்ந்துவிட்டால் கொஞ்சம் பலம் போதும்.

பிரேக் சத்தத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. உராயும் பொருள் ஒரு கணம் பற்றுகிறது, அடுத்த கணம் வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. பிடில் வில் தந்தியில் செய்வதும் இதே வேலைதான். பிரேக்கில் இது விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடந்து, டிஸ்க்கையும் டிரம்மையும் கோயில் சேகண்டி போல அதிர வைத்துவிடுகிறது. சேகண்டியின் நாதம் காதுக்கு இதம். இது பல்லைக் கூச வைக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1961-ல் இங்கிலாந்தில் ஸ்பர் என்பவர் அதை விளக்கினார். கரும்பலகையில் சாக்பீஸைச் சாய்த்து இழுத்தால் சத்தம் வராது. எதிர்த்துக் குத்துவதுபோல் பிடித்துத் தள்ளினால் வகுப்பே காதைப் பொத்திக்கொள்ளும். பிரேக் கட்டையின் முனையும் சில கோணங்களில் அப்படிக் குத்தி, வளைந்து, விடுபட்டுத் துள்ளுகிறது. நம் பட்டறைக்காரர்கள் ஸ்பரைப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் புது லைனிங் அடித்ததும் அதன் முனையை அரம் போட்டுச் சரிவாக ராவிவிடுவார்கள். கேட்டால், "ராவலேன்னா கத்தும் சார்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

இனி வரலாறு. 1902-ல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று எல்லாக் கார்களிலும் இருப்பதன் மூதாதை அது. அதே சமயத்தில் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் காரில் பொருத்திக்கொண்டிருந்தார். லான்செஸ்டரின் டிஸ்க்கைக் கவ்வியது தாமிரம். உலோகத்தின் மேல் உலோகம். வண்டி நின்றது, ஆனால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது.

இதற்கு மருந்து ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவரிடம் இருந்தது. டார்பிஷயர் மலைப்பாங்கான ஊர். அங்கே சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே பழைய பூட்ஸைச் செருகுவதை அவர் பார்த்தாராம். தோல் தேயும், ஆனால் சத்தமில்லாமல் பிடிக்கும். அதிலிருந்து யோசனை பிறந்து, 1897-ல் பிரேக்குக்கான கட்டைகள் செய்ய ஆரம்பித்தார். மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தைத் தன் பெயரோடு கலந்து 'ஃபெரோடோ' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். மோட்டார் வண்டியின் சூட்டுக்குத் தோலும் துணியும் கருகிவிடும். தீயில் வேகாத நார் ஒன்று வேண்டும். 1907-ஐ ஒட்டி அவர் எடுத்துக்கொண்டது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சூடு தாங்கும், நன்றாகப் பிடிக்கும், விலை மலிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் போடாது. அடுத்த எழுபது எண்பது வருடங்கள் உலகத்து வண்டிகள் பெரும்பாலும் கல்நாரை நம்பித்தான் நின்றன.

மதுரைக்கு வருவோம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை மையமாக வைத்து பஸ் ஓட்டத் தொடங்கியது 1912-ஐ ஒட்டி. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று என் தலைமுறையினர் எல்லோரும் கேட்டிருப்போம். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓடவிட்டுப் பொறுக்கினார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ் ஓட்டினார்கள். வண்டியைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அந்தக் குடும்பம், 1962-ல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. பின்னாளில் அதற்கு மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டத்து முஷ்டக்குறிச்சியிலும் தொழிற்சாலை ஏற்பட்டது. டி.வி.எஸ். பஸ்களோ 1972-ல் தேசியமயமாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் கைக்குப் போய்விட்டன. பஸ் போனது, பிரேக் மிஞ்சியது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இப்போது எண்ணெய் விஷயம். எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு அரசு அலுவலகத்தில் வாகனப் பதிவேடும் ரிப்பேர் பில்லும் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா. எங்களிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பிரேக் கத்துகிறது, லைனிங் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கொட்டேஷன் ஒன்றுதான் இருக்கிறது, மூன்று வேண்டும் என்று திருப்பினேன். மூன்றையும் வாங்கி வந்தார். போன தடவை லைனிங் மாற்றி இன்னும் குறித்த மைல் ஓடவில்லை என்று மறுபடி திருப்பினேன். தணிக்கையில் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பது எனக்கு. அதிகாரியோ, வண்டி வந்தால் ஊருக்கே தெரிகிறது என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் இடிபட்ட மனிதர், வழியில் ஒரு ஷெட்டில் காட்டியிருக்கிறார். அங்கே டிரம்முக்குள் எண்ணெய் விட்டுவிட்டார்கள். சத்தம் நின்றுவிட்டது.

உராய்வுதான் பிரேக். எண்ணெய் விட்டால் சத்தம் மட்டும் போகாது, உராய்வே போய்விடும். இரண்டு நாள் கழித்து ஏ.வி. பாலத்தில் யானைக்கல் பக்கம் இறங்கும்போது குறுக்கே ஒரு கைவண்டி வந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். எண்ணெய் ஊறிய சக்கரம் பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டியை ஒரே இழுப்பாக இழுத்துச் சுவரில் மோதியது. கைவண்டிக்காரருக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கு வலது கை முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "நீங்க என்ன சார் செய்வீங்க, ரூல் அப்படி" என்றார். ரூல் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவசர ரிப்பேருக்கு ஒரே கொட்டேஷனில் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். நான் முயலவில்லை. அந்தக் கோப்பு அதற்குப் பிறகு ஒரே நாளில் நகர்ந்தது.

அந்த லைனிங்கை மாற்றியது செல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறை. பில்லைச் சரிபார்க்க நானே போயிருந்தேன். மேஸ்திரி டிரம்மைக் கழற்றித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூசி. குனிந்து வாயால் ஊதினார். அது புகையாக எழும்பி அவர் மீசையிலும் என் வெள்ளைச் சட்டையிலும் படிந்தது. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அடுத்த சக்கரத்தை அதேபோல் ஊதிக்கொண்டிருந்தான். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். நான் சட்டையைத் தட்டிவிட்டு, ரிவெட் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தூசி கல்நார். இங்கிலாந்தில் ராக்டேல் ஊர்க் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல், முப்பத்து மூன்று வயதில், நுரையீரல் முழுக்க நார் அடைத்து இறந்துபோனார். 1930-ல் அந்நாட்டு அரசுக்கே அறிக்கை போயிற்று. அடுத்த ஆண்டு ஆலைகளுக்குச் சட்டம் வந்தது. அதாவது செல்லூரில் அந்தப் பையன் ஊதிக்கொண்டிருந்ததற்கு ஐம்பது வருடம் முன்பே விஷயம் தெரியும். எனக்குத் தெரிந்தது தொண்ணூறுகளில்தான். பிரான்ஸில் குடியேறிய என் பள்ளித் தோழன், அங்கே 1997 ஜனவரி முதல் கல்நாரைத் தடை செய்துவிட்டார்கள் என்று பத்திரிகைத் துண்டோடு கடிதம் எழுதியிருந்தான். நம் உச்ச நீதிமன்றமும் 1995-ல் கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்களுடைய அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் இங்கே முழுத்தடை என்று ஒன்று வரவில்லை.

பிரேக்கின் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி உருமாறிவிடும் என்பார்கள். எல்லாமும் மாறிவிடுவதில்லை. மிஞ்சிய நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குள் போனால் திரும்பாது, அதன் வினை இருபது முப்பது வருடம் கழித்து வரும். அந்த மேஸ்திரி கடைசிக் காலத்தில் நாலு படி ஏற மூச்சு வாங்கினார். பீடியும் குடிப்பார். எது எதனால் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருந்தாலும் அவர் எந்த அலுவலகத்தில் போய் நிற்பார்? அந்தப் பையன் என்ன ஆனான் என்று விசாரித்தேன். திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது நல்ல கம்பெனிகள் கல்நார் இல்லாமல்தான் பேடும் லைனிங்கும் செய்கின்றன. கல்நாருக்குப் பதில் இரும்பு இழை, கண்ணாடி இழை, இன்னும் ஏதேதோ கலவைகள். இவற்றில் உலோகம் கூடிய ரகங்கள் கல்நாரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கத்தும். ஃப்ரூட் அடக்கி வைத்த சத்தம் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. கோரிப்பாளையம் சிக்னலில் கேட்கும் சத்தத்தில் ஒரு பங்கு அப்படி வந்ததாகத்தான் இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.

மாப்பிள்ளையின் காருக்கு வருகிறேன். எண்ணெய் யோசனையை அங்கேயே நிறுத்தி, தல்லாகுளம் பக்கம் தெரிந்த ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப் போனேன். சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடலாம். காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் வந்து நின்றுவிட்டால், அது இரவுப் பனியில் டிஸ்க்கில் பூத்த துரு. லேசாக மிதிக்கும்போது கீச்சிட்டு, அழுத்தினால் நின்றால், பேடின் முகம் சூட்டில் கண்ணாடிபோல் மழுங்கியிருக்கலாம். சக்கரத்தோடு சேர்ந்து விடாமல் கீச்சிட்டால், பேட் தேய்ந்து, அதில் வைத்திருக்கும் தகட்டு நாக்கு டிஸ்க்கைத் தொடுகிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லவே அந்த நாக்கை வைத்திருக்கிறார்கள். கீச்சுப் போய்க் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தால் பேட் தீர்ந்து இரும்பு இரும்பைத் தின்கிறது. வண்டியை நகர்த்தவே கூடாது.

ஷெட்டுத் தம்பி முன்சக்கரத்தைக் கழற்றினான். கையில் காற்றுக் குழாயை எடுத்தான்.

"ஊதாதே தம்பி" என்றேன்.

"கல்நார் இல்லாத பேடுங்கய்யா. அட்டையிலயே போட்டிருக்கு."

"புதுசுல போட்டிருக்கு. கழட்டுறியே, அதை யார் மாட்டினா, எந்த அட்டையிலேர்ந்து எடுத்தான்னு தெரியுமா?"

சிரித்தான். ஆனாலும் போய் ஒரு வாளியில் தண்ணீரும் பழந்துணியும் கொண்டு வந்தான். நனைத்துத் துடைத்தான். காலிப்பரின் பின் ஒன்று துருப்பிடித்து நகராமல் நின்றிருந்தது. அதனால் ஒரு பேட் மட்டும் டிஸ்க்கை விட்டு விலகாமல் உராய்ந்து நாக்குவரை தேய்ந்திருந்தது. பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சூடு தாங்கும் கிரீஸை அதன் மேல் மட்டும் தடவினான். பேடிலும் டிஸ்க்கிலும் படாமல் தடவுகிறானா என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்துக்கும் புதுப் பேட். கழற்றியதை ஈரத்துணியோடு பிளாஸ்டிக் பையில் கட்டச் சொன்னேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, கிளம்பும்போது முதல் ரெண்டு பிரேக்ல மட்டும் லேசா சத்தம் வந்துச்சு."

"அது பனித் துரு மாப்பிள்ளை. விட்டுடுங்க" என்றேன்.