திரையும் புள்ளியும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சியைக் கடந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் தியாகதுருகம் என்னும் ஊர் எதிர்ப்படும். ஊரையொட்டி ஒரு பாறைக் குன்றும், அதன்மேல் ஒரு பழங்கோட்டையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கோட்டைக்காகப் பொருதனர். 1790-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் படை இதனை முற்றுகையிட்டது. அப்போர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் இவ்வூரின் பெயரைத் தேடினால் உடனே கிடைக்காது. அவர்கள் எழுதியது 'தியாகர்' என்பதே. துருகம் என்ற பாதி எங்கோ உதிர்ந்துவிட்டது. எழுத்தில் ஒன்று உதிர்ந்தால், பின்வருவோர் தேடியலைய நேரும் என்பதற்கு இவ்வூரின் பெயரே சான்று.

இதனை நான் நினைக்க நேர்ந்தது ஒரு கணினிக் கடையில். உறவினரான முதியவர் ஒருவர் நிலப் பட்டாவில் ஒரு திருத்தம் வேண்டி விண்ணப்பிக்க விரும்பினார். அவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். கடையிலிருந்த இளைஞர் நல்ல உள்ளம் படைத்தவர். பழைய பத்திரத்தின் படத்தைத் திரையில் விரித்து, "தாத்தா, உங்களுக்கும் தெரியட்டும், எழுத்தைப் பெரிதாக்கி வைக்கிறேன்" என்று சொல்லி, ஏதோ ஓர் அமைப்பை மாற்றினார். எழுத்துக்கள் பெரியனவாயின, ஆனால் பனி மூடிய கண்ணாடியின் வழியே காண்பன போலவும் ஆயின. பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "சரிதான் தம்பி" என்றார். சில வாரங்களுக்குப் பின் விண்ணப்பம் திரும்பி வந்தது. புல எண்ணில் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று பதிவாகியிருந்தது. திரையில் 3-இன் திறந்த வாய் மங்கி மூடிக்கொண்டதே காரணம். இளைஞரின் கருத்திலும் குற்றமில்லை. பெரியவரின் கண்ணிலும் குற்றமில்லை. பிழை அந்த அமைப்பில் இருந்தது.

அவ்வமைப்பைக் கடைக்காரர்கள் ரெசல்யூஷன் என்பர். நூலோர் பிரிதிறன் என்பர். எழுத்தைப் பெரிதாக்கப் பிரிதிறனைக் குறைக்கும் பழக்கம் நம்மிடையே எங்கும் பரவியிருக்கிறது. அஃது அறியாமையால் வந்த பழக்கம் அன்று. ஒரு காலத்தில் அது தக்க முறையாகவே இருந்தது. காலம் மாறிற்று, கருவி மாறிற்று. பழக்கம் மட்டும் மாறவில்லை. அந்த வரலாற்றையே இன்று சுருங்கக் கூற விழைகிறேன்.

கணினித் திரையில் நாம் காணும் எழுத்தும் படமும் புள்ளிகளால் ஆனவை. மார்கழியில் வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்க. கிடையாக எத்தனை புள்ளி, நெடுக்காக எத்தனை வரிசை என்ற கணக்கே பிரிதிறன். 640-க்கு 480 என்றால், ஒரு வரிசையில் 640 புள்ளிகள். அத்தகைய வரிசைகள் 480. ஆக மொத்தம் 3,07,200 புள்ளிகள்.

முதலில் வந்த திரைகள் கண்ணாடிக் குழாய்த் திரைகள். ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்டு பிரவுன் 1897-இல் அமைத்த கருவியே அவற்றின் மூதாதை. குழாயின் பின்புறத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை ஒன்று பாயும். முன்புறக் கண்ணாடியின் உட்பூச்சில் அது படும் இடமெல்லாம் ஒளிரும். மேலிருந்து கீழாக, வரி வரியாக, அக்கற்றை ஓடிக்கொண்டேயிருக்கும். தொலைக்காட்சியும் இவ்வாறே இயங்கியது. 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கி, 1975-இல் சென்னைக்கு வந்த நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு 625 வரிகள் என்பது விதி. அவ்விதியை நிலையத்தாரே வகுத்துவிட்டமையால், வீட்டில் இருந்து பார்ப்பவர்க்கு இது பற்றிய கவலை இருந்ததில்லை.

கணினி வந்தபின்தான் தேர்வு பயனரின் கைக்கு வந்தது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதனுடன் தந்த வண்ணத்திரை அமைப்பில் மிகுதியாகப் பெறக்கூடியது 640-க்கு 200 புள்ளிகளே. அதில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த கட்டம் அகலத்தில் 8 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. ஆங்கில எழுத்துக்கு அது போதும். மூன்று கால்களுடைய 'எம்' என்னும் எழுத்தும் ஐந்து புள்ளி அகலத்தில் அடங்கிவிடும்; கோட்டுக்கு மூன்று, இடைவெளிக்கு இரண்டு. ஆனால் நம் மூன்று சுழி ணகரம் அச்சிறு கட்டத்தில் எங்ஙனம் நிற்கும்? சுழிக்கும் இடைவெளி வேண்டும். தலைமேல் புள்ளிக்கு ஒரு வரிசை வேண்டும். 'ழு' போன்ற எழுத்துக்குக் கீழேயும் இடம் வேண்டும். இந்த நெருக்கடியிலேதான் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. கனடாவிலிருந்து சீனிவாசன் 1984-இல் 'ஆதமி'யையும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு'வையும் ஆக்கித் தந்தனர். அக்காலத்தில் திரைக்கு எழுத்து வரைவது, புள்ளியை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கும் கைவினையாக இருந்தது.

1987-இல் 640-க்கு 480 என்னும் அளவு வந்தது. பின்னர் 800-க்கு 600, அதன்பின் 1024-க்கு 768 எனத் திரைகள் செறிவடைந்தன. இங்கே ஓர் இடர் தோன்றியது. அந்நாளைய கணினி, ஓர் எழுத்தை இத்தனை புள்ளி உயரம் என்று வைத்தே வரைந்தது. புள்ளிகள் செறியச் செறிய எழுத்து சிறுத்தது. கண் மங்கியவர்கள் என் செய்வர்? பிரிதிறனைக் குறைத்தனர். புள்ளி குறைந்தது, எழுத்துப் பெருத்தது. கண்ணாடிக் குழாயில் அதனால் பெருந்தீங்கு விளையவில்லை. ஏனெனில் எலெக்ட்ரான் கற்றைக்கு நிலையான புள்ளி வரிசை என்று ஒன்று இல்லை. 480 வரி என்றால் அகல இட்டுச் செல்லும். 768 வரி என்றால் நெருக்கி இட்டுச் செல்லும். அது சாணம் தெளித்த மண்வாசல் போன்றது. இன்று ஏழு புள்ளிக் கோலம் இடலாம். நாளை அழித்துப் பதினைந்து புள்ளி வைக்கலாம். வாசல் மறுப்புச் சொல்வதில்லை.

அதன்பின் வந்தது தட்டைத்திரை. அதற்கு அடிப்படையான திரவப் படிகத்தை 1888-இலேயே ரைனிட்சர் என்னும் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் கண்டறிந்திருந்தார். எனினும் நூறாண்டு கடந்த பின்னரே அது கணினி மேசைகளில் பரவலாக இடம் பிடித்தது. நம் ஊர்ப்புறங்களில் இம்மாற்றம் நிகழ்ந்த விரைவை இரண்டு நாட்களைக் கொண்டே அளந்துவிடலாம். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. அது 14 அங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரை. 2011-ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது, அது தட்டைத்திரை. ஐந்தே ஆண்டுகள்! தியாகதுருகம் போன்ற ஊர்களில் ஒரே கூரையின்கீழ் இரண்டு காலங்கள் அருகருகே அமர்ந்தன. ஆயினும் இவ்விரு திரைகளும் அடிப்படையில் வேறானவை என்பதை எவரும் அவ்வீட்டாருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

வேறுபாடு யாதெனின், தட்டைத்திரையில் புள்ளிகள் பிறவியிலேயே பதிக்கப்பட்டவை. 1920-க்கு 1080 என்னும் திரையில் 20,73,600 சிறு பலகணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒளியை விடும் அல்லது தடுக்கும். அவற்றைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது. இது மண்வாசல் அன்று. புள்ளிகளை உளியால் குழித்து வைத்த கருங்கல் முற்றம். அக்குழிகளின்மேல் இட்டால்தான் கோலம் பொருந்தும்.

அத்திரையில் 1280-க்கு 720 என்று அமைத்தால் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1920-ஐ 1280-ஆல் வகுத்தால் ஒன்றரை. படத்தின் ஒரு புள்ளி, திரையின் ஒன்றரைப் பலகணியில் அமர வேண்டும். அரைப் பலகணி என்று ஒன்று இல்லை. எனவே ஒன்று முழுமையாகவும், அடுத்தது அரைகுறையாகவும் ஒளிரும். கூரிய கோடு கலங்கிய கோடாகும். 1024-க்கு 768 என்று அமைத்துத் திரை முழுவதும் பரப்பினாலோ கேடு இரட்டிப்பாகும். அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்து, வட்டம் நீள்வட்டமாகிவிடும். மேலும், எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் நுட்பம் ஒன்று 1998-இல் அறிவிக்கப்பட்டு இன்று பல கணினிகளில் வழங்குகிறது. அது ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று கூறுகளையும் தனித்தனியே ஆள்கிறது. திரையின் புள்ளியும் படத்தின் புள்ளியும் ஒன்றுக்கொன்று நேர் நிற்கும்போது மட்டுமே அந்நுட்பம் செவ்வனே பயன் தரும்.

இக்கேட்டில் முதலில் அடிபடுவது எது? பெரிய கோடுகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். சிறியவையே அழியும். தமிழில் மிகச் சிறியது மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி. அடுத்தது சுழியின் உள்வெளி. கண்ணன் என்னும் பெயரில் இரண்டு புள்ளிகள் உண்டு. மூன்று சுழியும் உண்டு, இரண்டு சுழியும் உண்டு. அவை கலங்கினால் பெயரே கலங்கும்.

இவ்விடர் தமிழுக்குப் புதியதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தார். ஆயினும் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்பது காரணம். அதனால் ஏடு பார்த்துப் பதிப்பித்த அறிஞர்கள், இது மெய்யோ உயிர்மெய்யோ என்று ஒவ்வொரு சொல்லிலும் ஆய்ந்து தெளிய வேண்டியிருந்தது. ஆனால் ஓலையில் புள்ளி விட்டவர் ஓலையின் இயல்பை அறிந்தே விட்டார். நாமோ, புள்ளியைத் தாங்கும் வலிமை வாய்ந்த திரையை வைத்துக்கொண்டு, அதன் இயல்பை அறியாமல் புள்ளியை இழக்கிறோம்.

அங்ஙனமாயின் கண் மங்கியவர் செய்யத்தக்கது யாது? பிரிதிறனைத் திரையின் இயல்பான அளவிலேயே நிறுத்திவிட்டு, எழுத்தின் அளவை மட்டும் பெருக்குவதே அது. இன்றைய கணினிகளில் இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். முகப்புத் திரையில் வெற்றிடத்தில் வலப்பொத்தானை அழுத்தித் திரை அமைப்புக்குச் சென்றால், அளவுகளின் பட்டியலில் ஒன்றன் அருகே 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற குறிப்பு இருக்கும். பெரும்பாலும் அதுவே திரையின் பிறவி அளவு. அதற்கு அருகிலேயே எழுத்தையும் உருவையும் 125 அல்லது 150 விழுக்காடாகப் பெருக்கும் வசதியும் இருக்கும். இவ்வாறு பெருக்கும்போது கணினி மிகுதியான புள்ளிகளைக் கொண்டு எழுத்தைப் புதிதாக வரைகிறது. முன்னைய முறையிலோ, குறைந்த புள்ளிகளால் வரைந்ததை இழுத்துப் பரப்புகிறது. புதிதாக நெய்த அகன்ற வேட்டிக்கும், இழுத்து அகலமாக்கிய துண்டுக்கும் உள்ள வேறுபாடு இது.

இன்னும் ஒன்று கூற வேண்டும். தன் பிறவி அளவைத் திரையே கணினிக்கு அறிவித்துக்கொள்ளும் முறை 1994-இல் வகுக்கப்பட்டது. ஆகவே யாரும் தொடாமலேயே அளவு பொருந்த வேண்டும். எனினும் இணைப்புக் கம்பி பழுதுற்றிருந்தாலோ, இடையில் பொருந்தாத மாற்றி ஒன்று இருந்தாலோ, கணினிக்குள் திரைக்குரிய இயக்கி நிரல் இல்லாமல் போனாலோ அந்த அறிமுகம் நிகழாது. அப்போது கணினி, தான் அறிந்த பழைய அளவொன்றை ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் உரிய அளவு காணப்படவில்லையெனின், முதலில் கம்பியையும் பின்னர் இயக்கி நிரலையும் பார்ப்பதே முறை.

இவை மிகச் சிறிய செய்திகள் என்று தோன்றலாம். ஆனால் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம், பின்பு விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று மூன்று மாவட்டப் பெயர்களைத் தம் பத்திரங்களில் சுமந்து நிற்கும் மக்கள் இப்பகுதியினர். அவர்களுடைய நிலமும் பெயரும் இன்று காகிதத்திலிருந்து திரை வழியே பதிவேட்டுக்குச் செல்கின்றன. இடையில் நிற்கும் அத்திரை தெளிவாக இருத்தல் வேண்டும் அன்றோ?

இரண்டாம் முறை அக்கடைக்குச் சென்றபோது, நான் அறிந்ததை அவ்விளைஞரிடம் சொன்னேன். அவர் அளவை மாற்றி, எழுத்தை மட்டும் 150 விழுக்காடாக்கினார். பின்பு பத்திரத்தின் படத்தையும் பெரிதாக்கிக் காட்டினார். பெரியவர் இம்முறை கண்ணைச் சுருக்கவில்லை. புல எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். தம் பெயரையும் தந்தையார் பெயரையும் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் இருந்தது. "இப்போது அனுப்பு தம்பி" என்றார்.